முகத்துவாரமும் சிவப்பு விளக்கும்

பழவேற்காட்டு ஏரி வங்கக் கடலோடு கலக்கும் இடத்தில், மணல்மேடுகளுக்கு இடையே நீர் புகுந்து வெளிப்படும் வாயில் ஒன்று உண்டு; அதனை அவ்வூர் மீனவர்கள் முகத்துவாரம் என்கிறார்கள். கடலில் ஏற்றம் உண்டாகும்போது கடலின் மட்டம் ஏரியின் மட்டத்தைக் காட்டிலும் உயர்ந்து, உவர்நீர் அவ்வாயில் வழியே உள்ளே பாய்கிறது. வற்றம் தொடங்கியபின் ஏரியின் மட்டமே உயர்ந்து நிற்க, உள்ளே புகுந்த நீர் மீண்டும் கடலை நாடி ஓடுகிறது. இவ்விரண்டு ஓட்டங்களுக்கும் நடுவில், இரு மட்டங்களும் ஒத்துப்போகும் சிறிது நேரம், முகத்துவாரத்து நீர் எப்பக்கமும் அசையாமல் நின்றுவிடும். பௌர்ணமி அமாவாசைகளில்கூட இக்கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆயினும் அந்த ஒரு மீட்டர் பேதத்தை நம்பியே இறால் ஏரிக்குள் வருகிறது, வளர்ந்து கடலுக்குத் திரும்புகிறது. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடலாம் என்று முறைவைத்துக்கொள்ளும் ‘பாடு’ என்ற பழைய ஏற்பாடும், நீர் எப்போது எப்பக்கம் ஓடும் என்ற அறிவின்மீதே நிற்கிறது.

அந்நீரில் ஒரு பனையோலைத் துண்டை இட்டுப் பாருங்கள். ஓலை ஏரிப்பக்கம் ஓடினால் கடல் உயர்ந்திருக்கிறது. கடற்பக்கம் ஓடினால் ஏரி உயர்ந்திருக்கிறது. ஓலை நின்றால் இரண்டும் சமம். கடலின் ஆழம் எவ்வளவு என்பதையும் அந்த ஓலை சொல்லாது, ஏரியில் நீர் எவ்வளவு என்பதையும் சொல்லாது. இரண்டுக்கும் இடையிலுள்ள பேதம் ஒன்றையே சொல்லும்.

மோட்டார் வண்டியின் மின்சார ஏற்பாட்டைப் பற்றிய இந்த அத்தியாயத்தை முகத்துவாரத்தில் தொடங்கியதற்குக் காரணம், ஓட்டுநரின் கண்ணுக்கு எதிரே, பெட்டி வடிவமும் அதனுள் கூட்டல் கழித்தல் குறிகளும் பொறித்து, செந்நிறத்தில் ஒளிரும் அந்தச் சிறு விளக்கு, இயல்பில் இந்தப் பனையோலைத் துண்டே என்பதுதான். அதனைப் பேட்டரியின் விளக்கு என்று உலகம் சொல்லிப் பழகிவிட்டமையால், அது எரிந்தவுடன் பேட்டரிதான் கெட்டது என்று எண்ணிப் புதுப் பேட்டரிக்குப் பணம் கொடுப்பவர் பலர். கொடுத்த பின்னும் விளக்கு எரிவதைக் கண்டு திகைப்பவரும் பலர்.

அப்படித் திகைத்த ஒருவரோடு நான் ஒருமுறை பிரயாணம் செய்ய நேர்ந்தது. தை மாதத்து விடியற்காலை, இருள் பிரியவில்லை. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பாலத்தைக் கடந்து பொன்னேரிக்குப் போகும் சிறு மீன் வேனில், ஓட்டுநருக்கும் எனக்கும் நடுவே இறால் வியாபாரம் செய்யும் மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். பின்னால் ஐஸ் இட்ட பெட்டிகள். ஊரைத் தாண்டிச் சற்றுத் தூரம் சென்றதும், முன்பலகையில் அந்தச் சிவப்புக் குறி, சாம்பல் மூடிய கங்கைப்போல, மங்கலாகத் தோன்றியது. பகலாக இருந்திருந்தால் அதனைக் கண்டிருக்கவே மாட்டோம்.

“பேட்டரி பூட்ச்சி போலகீது சார். தீபாவளிக்குத்தான் புச்சா மாத்தினேன்” என்றார் ஓட்டுநர்.

“எங்கயும் நிறுத்தாதேடா தம்பி. ஐஸ் கரைஞ்சா இறாலு தலை கருத்துடும்” என்றார் மூதாட்டி.

நிறுத்துவதா, போவதா என்ற இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், பேட்டரியின் தொழில் என்ன, விளக்கின் தொழில் என்ன என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே, ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தை உட்செலுத்தினால் ஏற்றுக்கொண்டு, வேண்டும்போது திருப்பித் தரும் கலம் ஒன்றைச் செய்தார். நம் வண்டிகளிலுள்ள பேட்டரி இன்றளவும் பெரும்பாலும் அதே கலந்தான். ஒரு தகடு தூய ஈயம். எதிர்த்தகடு ஈயத்தின் பழுப்புநிற ஆக்ஸைடு. மின்சாரத்தைக் கொடுக்கக் கொடுக்க இருவகைத் தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறிவர, திராவகம் தன் வீரியத்தை இழந்து தண்ணீர்போல் ஆகிறது. மின்சாரம் ஏற்றும்போது இவை யாவும் தலைகீழாக நிகழ்ந்து பழைய நிலை திரும்புகிறது. ஓர் அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட் வீதம் ஆறு அறைகள் தொடராக இணைந்திருப்பதால், நிறைவாய் மின்னேற்றிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிறது. பேட்டரியிடம் மிகப் பெரிய மின்னோட்டம் கேட்கப்படுவது, வண்டியைக் கிளப்பும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங் மின்சாரக் கிளப்பியைப் பொருத்திக் காட்டும் வரையில், மனிதன் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டியிருந்தது. அது திருப்பியடித்துக் கை முறிந்தவர்களும் உண்டு. அந்தப் புஜபலத்துக்கு ஈடாக, நம் மெக்கானிக்குகள் ‘செல்ஃப்’ என்று அழைக்கும் மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேலாகப் பேட்டரியிலிருந்து ஒரே இழுப்பில் இழுத்துக்கொள்கிறது.

இன்ஜின் ஓடத் தொடங்கியபின் பேட்டரி கைமாற்றாகக் கொடுத்ததை அடைப்பதும், விளக்கு, ஹாரன், வைப்பர் முதலிய எல்லாவற்றுக்கும் அன்றாடச் செலவைத் தருவதும் வேறொன்றின் பொறுப்பு. காந்தம் கம்பிச்சுருளின் அருகே இயங்கினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மையை, ஒரு பெல்ட்டின் வழியாக இன்ஜினோடு பிணைத்து வைத்திருக்கும் யந்திரம் அது. முற்காலத்து வண்டிகளில் அது டைனமோவாக இருந்தது. பின்பு ஆல்டர்னேட்டர் வந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. பெயர் மட்டும் பட்டறைகளில் மாறவில்லை. சென்னை பாடியில் 1961-இல் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையிலிருந்து இக்கருவிகள் ஆயிரமாயிரமாக வெளிவந்த பின்னும், பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் அதனை டைனமோ என்றால்தான் எளிதில் விளங்கும்; நானும் அப்படியே சொல்கிறேன். அதனுள் பிறக்கும் மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவது. ஒருவழிக் கதவுபோன்ற டயோடுகள் அதனை ஒரே திசையில் திருப்பிவிடுகின்றன. இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் மின்னழுத்தம் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் வரைக்குள் நிற்குமாறு ரெகுலேட்டர் காவல் காக்கிறது.

இனி விளக்குக்கு வருவோம். அதன் ஒரு முனை, சாவியின் வழியாகப் பேட்டரியோடு சேர்ந்திருக்கிறது. மறுமுனை டைனமோவோடு சேர்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல் நிறுத்தினால், பேட்டரிப்பக்கம் 12 வோல்ட், டைனமோப்பக்கம் ஒன்றுமில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மின்சாரம் விளக்கின் வழியே பாய, விளக்கு எரிகிறது. இன்ஜின் கிளம்பி டைனமோ சுழன்றதும் அதன் மட்டம் உயர்ந்து பேட்டரிப்பக்கத்து மட்டத்தோடு ஒன்றாகிறது. இரு முனையும் சமமாகவே, பாய்வதற்கு ஏதுமின்றி விளக்கு அணைகிறது. அதனை அணைக்க எந்தச் சுவிட்சும் அங்கே இல்லை என்பதை வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சமத்துவம் ஒன்றே அதனை அணைக்கிறது.

இதில் இன்னொரு நயமும் உண்டு. டைனமோவின் காந்தம் நிலையான காந்தமன்று. சுருளில் மின்சாரம் ஓடினால்தான் காந்தமாகும். முதல் முதலாக அதனை எழுப்பும் சிறு மின்சாரம், இந்த விளக்கைக் கடந்தே அங்கே போய்ச் சேர்கிறது. ஆகவே சாவியைத் திருப்பியதும் விளக்கு எரியவே இல்லையென்றால் மகிழ்ச்சியடைதல் கூடாது. பல்பு பழுதாகியிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், டைனமோவுக்குள் கார்பன் தேய்ந்து தொடர்பு அற்றிருக்கலாம். எச்சரிக்க வேண்டியவனே ஊமையாகிவிட்ட நிலை அது. அண்மைக்கால வண்டிகளில் இவ்விளக்கை ஒரு கணிப்பொறி ஏற்றி அணைக்கிறது. காந்தத்தை எழுப்பவும் தனி வழி உண்டு. எனினும் குறியின் பொருள் மாறவில்லை.

வேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓட்டுநரை முதலில் கேட்டது, வெப்பம் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்பதை. பல வண்டிகளில் டைனமோவைச் சுழற்றும் பெல்ட்டே, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்து விளக்கு எரிந்திருந்தால், சிறிது நேரத்தில் முள் மேலேறும். அதன்பின் ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் இன்ஜினையே பலி கொடுப்பதாகும். இறால் கருத்தாலும் சரி, வண்டியை அக்கணமே ஓரங்கட்ட வேண்டும். முள் நடுவில் அசையாதிருந்தது. திருப்பாலைவனத்தில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே, ஓடும் பாகங்களிலிருந்து கையையும் துண்டையும் விலக்கிவைத்துக்கொண்டு, டார்ச் ஒளியில் பார்த்தோம். பெல்ட் முழுதாக, வழுக்காமல் ஓடிற்று.

இன்ஜினை அணைக்காததற்குக் காரணம் வெளிப்படை. பேட்டரிக்கு வரவு குறைந்துவிட்ட வேளையில் மீண்டும் ஒருமுறை ‘செல்ஃப்’ அடிப்பது, பஞ்ச காலத்தில் விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். எஞ்சியிருப்பதைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பது எளிய கணக்கு. அந்த வேனிலுள்ளதைப் போன்ற பேட்டரியின் கொள்ளளவு 40 ஆம்பியர்-மணி என்று கொள்வோம். அதில் பாதியையே நம்பலாம், ஏனெனில் காலியாகக் காலியாக அழுத்தம் சரிந்துவிடும். முன்விளக்குகள் இரண்டும் 60 வாட் வீதம் எரிந்தால், அவை மட்டுமே 10 ஆம்பியரை விழுங்கும். பின்விளக்குகள் முதலியன இரண்டு மூன்று. காற்றாடியைச் சுழலவிட்டால் மேலும் ஐந்துக்குக் குறையாது. ஆக 18 ஆம்பியர். நம்பத்தக்க 20 ஆம்பியர்-மணி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். பொன்னேரிக்கு அத்தனை நேரம் வேண்டியதில்லை. காற்றாடியையும் பாட்டுப் பெட்டியையும் நிறுத்தினோம். சிறிது நேரத்தில் கிழக்கு வெளுத்ததும் முன்விளக்கையும் அணைக்க முடிந்தது. பெட்ரோல் வண்டியாயின், தீப்பொறிக்கும் எரிபொருள் பம்புக்குமே ஏறத்தாழ 10 ஆம்பியர் ஓயாமல் வேண்டும். திசைமாற்றியைத் திருப்ப மின்சாரத்தின் துணை கொள்ளும் புது வண்டிகளில், அழுத்தம் தாழ்ந்தால் அத்துணை நின்று சக்கரம் திடீரெனக் கனத்துப்போகும். அத்தகைய வண்டியை வெகுதூரம் துணிந்து ஓட்டுவது அபாயம்.

டீக்கடையில் நின்றிருந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார்: “இன்ஜின் ஓடச்சொல்லவே பேட்டரி ஒயரைக் கழட்டிப் பாருங்க. வண்டி நின்னா டைனமோ போச்சு. ஓடினா பேட்டரி போச்சு.” தமிழ்நாட்டின் பட்டறைகள் பலவற்றிலும் இப்பரிசோதனையை நான் கண்டிருக்கிறேன், அதனை விட்டொழிக்கும்படி இந்நூலைப் படிப்பவர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். பழைய டைனமோக்களின் காலத்தில் அதனால் தீங்கு குறைவாக இருந்திருக்கலாம். ஆரணியாறு பெருகி வரும்போது அவ்வெள்ளத்தை ஏந்திக்கொள்ளப் பழவேற்காட்டு ஏரி இருப்பதுபோல, டைனமோவின் பிரவாகத்தில் எழும் ஏற்றத்தாழ்வுகளை ஏந்திக்கொள்ளப் பேட்டரி இருக்கிறது. மின்னேற்றம் நடந்துகொண்டிருக்கையில் அதனைச் சட்டென்று விலக்கினால், சுருளில் ஓடும் மின்சாரம் அக்கணமே ஓய்ந்துவிடாது; அழுத்தம் ஒரு நொடிப்பொழுதில் பல பத்து வோல்ட்டாக, சில வேளை நூறு வோல்ட்டளவும் தாவும். டயோடுகளும், ரெகுலேட்டரும், வண்டியின் கணிப்பொறியும் அந்த ஒரு தாவலில் கருகிப்போகக்கூடும். எந்த நோயும் இல்லாத டைனமோவைச் சோதனையே கொன்றுவிடும்.

சோதிக்கத் தகுந்த கருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர். பேட்டரியின் இரு முனைகளிலும் அதன் கம்பிகளை வைத்து, இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் காட்டினால் வரவு நன்று; 13-க்குக் கீழே நின்றால் வரவு குறைகிறது; 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் காவலை மறந்து பேட்டரியை அவித்துக்கொண்டிருக்கிறது.

பொன்னேரியில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடையின் கதவு அப்போதுதான் திறந்திருந்தது. அந்த இளைஞர் மீட்டரைப் பேட்டரியின்மீது வைத்தார்: 12.1. ஓட்டுநர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில், டைனமோவுக்கு ஆகும் செலவு முழுதும் எழுதியிருந்தது. ஆனால் அந்த இளைஞர் அங்கே நிற்கவில்லை. மீட்டரின் சிவப்புக் கம்பியை எடுத்து, டைனமோவின் பின்புறத்தில் தடித்த ஒயர் இறுகியிருக்கும் போல்ட்டின் தலையில் வைத்தார்: 14.4. ஒரே ஒயரின் ஒரு முனையில் 14.4, அதே ஒயர் போய்ச் சேரும் பேட்டரியில் 12.1. நடுவில் 2.3 வோல்ட் எங்கே போயிற்று?

மங்கலாக எரிந்த விளக்கின் மர்மம் எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது. டைனமோ செத்திருந்தால் பேட்டரிப்பக்கமிருந்து முழு 12 வோல்ட்டும் பாய்ந்து விளக்கு பளிச்சென்று எரிந்திருக்கும். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு. டைனமோவின் மட்டம் உயர்ந்திருக்க, பேட்டரியின் மட்டம் தாழ்ந்துபோய், மின்சாரம் எதிர்த்திசையில், டைனமோவிலிருந்து பேட்டரிப்பக்கமாக, விளக்கின் வழியே கசிந்திருக்கிறது. பனையோலை எப்பக்கம் ஓடினாலும் ஓட்டம் ஓட்டந்தானே; பல்புக்குத் திசை தெரியாது. பேதம் இரண்டு வோல்ட்டளவே இருந்தமையால் இழை கங்கு நிறத்துக்கு மேல் எழவில்லை. தீபாவளிக்கு மாற்றிய பேட்டரியும் குற்றமற்றது, டைனமோவும் குற்றமற்றது, அவ்விரண்டுக்கும் நடுவிலிருந்த முகத்துவாரம் தூர்ந்துவிட்டது.

தூர்த்தது எது? 1800-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா, துத்தநாகத் தகடும் வெள்ளித் தகடுமாக மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து, உலகின் முதல் மின்கலத்தை உண்டாக்கினார். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்பு ஈரம்: வேண்டுவது அவ்வளவே. பழவேற்காட்டுக் குப்பங்களில் ஓடும் வண்டியில் இம்மூன்றுக்கும் குறைவேது? செம்புக் கம்பி, அதன் முனையில் பித்தளை அல்லது வெள்ளீயப் பூச்சு, அதனை இறுக்கும் இரும்பு போல்ட், இவற்றின்மீது இரவும் பகலும் கடற்காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்பு, அவ்வுப்பே காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும் ஈரம், போதாததற்கு இறால் பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ்நீர். ஆகவே அவ்வண்டி, தன் பேட்டரி ஒன்றைத் தவிர, யாரும் கேட்காத சிறுசிறு மின்கலங்களை ஒவ்வொரு மூட்டிலும் சுமந்து செல்கிறது. அவை ஒவ்வொன்றும் வேலை செய்யும்போது ஓர் உலோகம் கரைந்து பொடியாகிறது. டச்சுக்காரர் கல்லறைகளில் பதினேழாம் நூற்றாண்டில் கல்லிலே செதுக்கிய எழுத்துக்களை அவ்வூரில் இன்றும் படிக்க முடிகிறது. அதே காற்றில் ஓர் இரும்பு போல்ட்டின் ஆயுள் சில வருஷங்களே.

மின்கலமும் உலோக அரிப்பும் ஒரே ரசாயனத்தின் இரு முகங்கள் என்பதால்தான், காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இரண்டையும் ஒரே கூரையின்கீழ் ஆராய்கிறது. அழகப்ப செட்டியார் நிலமும் நிதியும் வழங்க, 1948-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பட்ட அந்நிலையம், மண்டபத்துக் கடலோரத்தில் அரிப்பைப் பரிசோதிக்கவென்றே ஒரு களத்தையும் அமைத்துக்கொண்டது. கடற்காற்று ஓர் உலோகத்தை எவ்வளவு விரைவில் உண்ணும் என்பதை, அக்காற்றிலேயே அதனை நிறுத்திவைத்துத்தான் அறிய முடியும்.

அரிப்பினால் விளையும் தடையின் அளவு மிகச் சிறியது; விளைவு பெரியது. ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை, ஒரு சாதாரண மீட்டரில் ஒழுங்காகத் தென்படக்கூடச் செய்யாது. ஆனால் அதன் வழியே 23 ஆம்பியர் ஓடினால் 2.3 வோல்ட் அங்கேயே அழிந்து வெப்பமாகிறது. ‘செல்ஃப்’ இழுக்கும் பெருமின்சாரம் செல்லும் பாதையில் அதே தடை இருந்தால், பேட்டரியின் அழுத்தம் முழுதையும் அதுவே விழுங்கி, இன்ஜின் அசையவே அசையாது. பேட்டரி முனைகளையும், உடற்கூட்டோடு இணைக்கும் எர்த் ஒயரையும் கடலோரத்து மக்கள் மாதந்தோறும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். முனைகளில் பூத்த பச்சையும் வெண்மையுமான பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கியபின் வாசலினைப் பூசினால், உப்பு ஈரத்துக்கு அங்கே இடமில்லை. கழற்றும்போது எதிர்மின் முனையை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் தொட வேண்டும். முறை மாறினால், கையிலுள்ள ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்ட கணத்தில் பெருந்தீப்பொறி எழும். அருகே பீடி கூடாது. மின்னேற்றத்தின்போது பேட்டரி வெளிவிடும் ஹைட்ரஜன் வெடிக்கும் வாயு. குறைந்த நீருக்கு ஈடாக டிஸ்டில்டு வாட்டரையே ஊற்ற வேண்டும். ஏரிக்கரை ஊர்களின் கிணற்று நீரிலுள்ள உப்பு ஈயத் தகடுகளுக்கு நஞ்சு.

அந்த இளைஞர் எதிர்மின் முனையைக் கழற்றிவிட்டு, டைனமோவின் போல்ட்டை மெல்லத் திருகினார். ஒயரின் வளையம் கையோடு வந்தது. உள்ளே செம்பு நரம்புகளில் பாதிக்குமேல் பச்சைப் பொடியாகி உதிர்ந்தன. நல்ல செம்பு தெரியுமட்டும் ஒயரை வெட்டி, புதிய வளையத்தை நசுக்கிப் பொருத்தி, போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கி, கிரீஸ் பூசி, எதிர்மின் முனையை மாட்டினார். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு நன்றாக எரிந்தது. இன்ஜின் உறுமியதும் அணைந்தது. முன்விளக்கையும் காற்றாடியையும் போடச் சொல்லி, பேட்டரியின்மீது மீட்டரை வைத்தார். முள் அசையும் பழைய மீட்டர் அது. 14-ஐச் சற்றுத் தாண்டி நின்றது.

மூதாட்டி இதற்குள் பின்னால் போய், ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கி, முழங்கை மறையக் கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

“அடியில இன்னும் கட்டியாத்தான் கீது. எடுடா வண்டியை” என்றார்.